பரிந்துரைத்தவர் யார்?

முப்பத்தாறு ஆண்டுகள் படிவங்களோடு குடும்பம் நடத்தியவன் நான். எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் கண் முதலில் கட்டங்களைத்தான் எண்ணும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

2016 மார்ச் மாதம் ஒரு படிவத்தைப் பற்றி பிரெஞ்சுச் செய்திகளில் படித்தேன். சிறு வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததன் மிச்சம், இன்றும் காலையில் அந்த நாட்டுச் செய்தியைப் பார்க்காமல் எனக்குக் காப்பி இறங்காது. ஐ.எஸ். அமைப்பு, சிரியாவுக்குள் வந்து சேர்ந்தவர்களிடம் நிரப்பி வாங்கிய படிவம் அது. ஆயிரக்கணக்கில் வெளியே கசிந்திருந்தது. மொத்தம் 23 கேள்விகள். பெயர், இயக்கப் பெயர், தாயார் பெயர், இரத்த வகை, படிப்பு, பார்த்த வேலை, போய்வந்த நாடுகள். போராளியாகவா, தற்கொலைத் தாக்குதலுக்கா என்று ஒரு கேள்வி. 'இறந்த தேதி, இடம்' என்றும் ஒரு கட்டம் உண்டு. அதை அவர்கள் பிறகு நிரப்பிக்கொள்வார்களாம்.

அதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் என் குமாஸ்தா மூளை நின்ற இடம் வேறு. 'உம்மைப் பரிந்துரைத்தவர் யார்?' என்று ஒரு கட்டம் இருந்தது. தலையை வெட்டும் கூட்டம்கூட, சிபாரிசு இல்லாமல் ஆளை உள்ளே விடவில்லை!

உள்ளூரில் பிறந்து வளர்ந்த பையன் கடல் கடந்த பயங்கரவாத அமைப்போடு எப்படிச் சேர்கிறான் என்று கேட்டால், எல்லோரும் சட்டென்று 'இன்டர்நெட்' என்கிறோம். என் கருத்து வேறு. கம்பி எங்கே வேண்டுமானாலும் போகலாம். முதல் முடிச்சு வீட்டுக்குப் பக்கத்தில்தான் விழுகிறது. எனக்கு ஓரளவு தெரிந்த நாடு பிரான்சு. அங்கிருந்தே சொல்கிறேன்.

காலித் கெல்கால் அல்ஜீரியாவில் 1971-ல் பிறந்து, லியோன் நகரை ஒட்டிய வோ-ஆன்-வெலேனில் வளர்ந்தவர். நல்ல லிசேயில் இடம் கிடைக்கும் அளவுக்குப் படித்தவர். அங்கே தனக்கு இடமில்லை என்று உணர்ந்ததாக, 1992-ல் ஒரு ஜெர்மானியச் சமூகவியலாளரிடம் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு திருட்டு, சிறை. சிறையில் அறைத்தோழர் ஒருவர் மூலம் மதம் படித்தார். அதன் பிறகு அல்ஜீரியாவின் ஜி.ஐ.ஏ. ஆயுதக் குழுவோடு தொடர்பு. 1995 ஜூலை 25-ஆம் தேதி பாரிசின் சேன்-மிஷேல் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டின் தொடர் குண்டுவெடிப்புகளில் தேடப்பட்ட கெல்கால், செப்டம்பர் 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஜி.ஐ.ஏ. அவரை வானத்திலிருந்து பிடிக்கவில்லை. சிறை அறை, பேட்டை நண்பர்கள், ஊர்ப் பயணம் என்று படிப்படியாகப் போன பாதை அது.

ஷெரீப் குவாஷியின் கதையும் அப்படித்தான். பாரிசில் பிறந்தவர். பெற்றோரை இழந்து, அண்ணன் சையீதோடு விடுதியில் வளர்ந்தார். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பாரிசின் 19-ஆம் வட்டாரத்தில், தானே படித்துப் போதகரான ஓர் இளைஞரின் வட்டத்தில் சேர்ந்தார். ஈராக் போரில் சேரக் கிளம்பும்போது 2005 ஜனவரியில் கைதானார். அனுப்பிய இடம் ஃப்ளெரி-மெரோஜிஸ் சிறை. அங்கேதான் அமெடி கூலிபாலியும், அல்கொய்தா தொடர்புள்ள ஜமால் பெகாலும் பழக்கமானார்கள். 2011-ல் தொடர்பு ஏமன் வரை நீண்டது. 2015 ஜனவரி 7 அன்று சார்லி எப்தோ பத்திரிகை அலுவலகத் தாக்குதலில் 12 உயிர்கள் போயின. ஏமன் அல்கொய்தா தன்னை அனுப்பியதாக ஷெரீப்பே தொலைக்காட்சிக்குப் போனில் சொன்னார். அவருடைய தோழர் கூலிபாலியோ, எதிர் முகாமான ஐ.எஸ்.க்கு விசுவாசம் சொல்லிவிட்டு ஒரு பெண் காவலரையும், யூதர் கடையில் நான்கு பேரையும் கொன்றார். வெளிநாட்டில் இரண்டு அமைப்புகளும் அடித்துக்கொண்டிருந்தன. இங்கே இரண்டு சிநேகிதர்கள் ஆளுக்கொரு பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டார்கள். எது முக்கியம், பலகையா, சிநேகிதமா?

"டெலிகிராம் வந்த பிறகு அதுவும் மாறிவிட்டதே" என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு உண்மை. 2016 ஜூலையில் நார்மண்டியில் 85 வயதுப் பாதிரியார் ஜாக் அமேலை, பூசை நேரத்திலேயே கொன்ற இருவருக்கும் வயது 19. நேரில் சந்தித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. அவர்களைத் தூண்டியதாகச் சொல்லப்பட்ட ரஷீத் காசிம் இருந்தது ஈராக்-சிரியா பக்கம். ஆனால் அவர் யார்? பிரான்சின் ரொவான் ஊர்க்காரர், ஒரு சமூக மையத்தில் வேலை பார்த்தவர். பையன்களின் பேச்சு, கோபம், கேலி எல்லாம் தெரிந்தவர். தூரத்திலிருந்து கூப்பிட்டாலும் கூப்பிட்டது பக்கத்து ஊர்க் குரல்தான்.

இன்னொன்று. அந்தப் படிவத்தில் 'மார்க்க அறிவு எவ்வளவு?' என்றும் ஒரு கேள்வி இருந்தது. ஆராய்ந்தவர்கள் கணக்குப்படி, சுமார் 70 விழுக்காட்டினர் 'அடிப்படை அளவு' என்றே எழுதியிருந்தார்கள். மதம் அதிகம் படித்ததால் போனார்கள் என்பது சரியில்லை என்று இதிலிருந்தே தெரிகிறது.

இதை நான் வீட்டுக்குள் உட்கார்ந்து யோசித்து மட்டும் சொல்லவில்லை.

என்னோடு வேலை பார்த்த காரைக்கால் நண்பர் ஒருவர். நான் அவரை 'பாய்' என்பேன், அவர் இன்றும் என்னை 'சார்' என்பார். அவருடைய அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். அந்த வழியில் பாயின் மகன் பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடியேறினார். 2015 தொடக்கத்தில் ஒரு நாள் பாய் முகம் வாடி என் வீட்டுக்கு வந்தார். பதினேழு வயதுப் பேரன், காரைக்கால் கந்தூரிக்குப் போவது பாவம் என்று போனில் இவரையே கடிந்துகொண்டானாம். "அது போகட்டும் சார், சின்னப் பையன் வேகம். ஆனா முப்பது வயசு ஆள் ஒருத்தன் சாயங்காலமானா காரில் வந்து கூட்டிட்டுப் போறானாம். பள்ளிவாசல் இமாமே அரசாங்கத்து ஆள், அவர் பேச்சைக் கேட்காதேன்னு சொல்லித் தர்றானாம். வீட்டில் எதையும் சொல்லாதேங்கிறானாம்."

குடும்பங்கள் கூப்பிடுவதற்கென்று பிரெஞ்சு அரசு 2014 ஏப்ரலில் ஒரு தொலைபேசி எண் திறந்திருந்தது. மருமகள் அதை எழுதியே வைத்திருந்தாள். மகனுக்குத்தான் பயம். பாய் என்னைக் கேட்டார்: "நீங்க சொல்லுங்க சார். அவன் பேரில் ஒரு ஃபைல் திறந்தா, அதை மூடுவாங்களா?"

நாற்பது வருடப் பழக்கத்தில் அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியாமல் போனது அன்றுதான்.

பாய் விசா வாங்கிக்கொண்டு கிளம்பினார். நான்கு மாதம் அங்கே இருந்தார். கந்தூரியைப் பற்றி வாதமே செய்யவில்லை. ஐந்து வேளையும் பேரனோடு தொழுதார். ஒன்றே ஒன்று கேட்டார்: "உன் சிநேகிதரை வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடேன்." மூன்று வெள்ளிக்கிழமை பிரியாணி ஆக்கிக் காத்திருந்தார்கள். அந்த ஆள் வரவில்லை. நான்காவது வாரம் பையனே கேட்டானாம்: "என்னைத் தெருவில் வந்து கூப்பிடுறவர், ஏன் வீட்டுக்குள்ள வர மாட்டேங்கிறார்?" பிறகு கார் வருவது நின்றது. அந்த ஆள் உண்மையில் யார், எதற்குப் பழகினார் என்பது எங்களுக்கு இன்றும் தெரியாது. பையன் இப்போது மின்பணியாளர். இன்றும் கந்தூரிக்கு எதிர்ப்புத்தான். தாத்தாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இதிலிருந்து எனக்குப் பட்டதைச் சொல்லி முடிக்கிறேன்.

தாடியையும் தொழுகையையும் அளந்து ஆளைச் சந்தேகிப்பது வீண் வேலை, அநியாயமும்கூட. சார்லி எப்தோ தாக்குதலன்று தெருவில் சுட்டுக் கொல்லப்பட்ட காவலர் அகமத் மெராபெத் முஸ்லிம். யூதர் கடையில் வாடிக்கையாளர்களைக் கீழ்த்தளத்தில் ஒளிக்க உதவிய லசானா பாத்திலி, மாலியிலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர். பார்க்க வேண்டியது, பையனை வீட்டிலிருந்தும் பழைய நண்பர்களிடமிருந்தும் பிரித்து ரகசியத்துக்குள் இழுப்பவர் யார் என்பதைத்தான்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. குவாஷி சகோதரர்களின் கோப்பு இல்லாமலில்லை. வெகுநாள் ஒன்றும் அகப்படாததால், 2014 கோடைக்குள் இருவர் மீதும் கண்காணிப்பு நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு பக்கம், மூடக் கூடாத கோப்பு மூடப்படுகிறது. மறுபக்கம், மூடவே மாட்டார்களோ என்ற பயத்தில் ஒரு தகப்பன் போனைக் கையில் எடுக்க மறுக்கிறான். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். மாற்றத்தை முதலில் பார்ப்பது போலீஸ் அல்ல, தாய் தகப்பன்தான். அவர்கள் பயமில்லாமல் பேச வழி இருந்தால்தான் அரசுக்குத் தகவல் வரும்.

வயதானவர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. பேரப்பிள்ளை யாரோடு பழகுகிறான் என்று கேளுங்கள். மிரட்டிக் கேட்க வேண்டாம். "வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு" என்று சொல்லுங்கள், போதும்.