சோற்றில் ஒத்துப்போனோம்; வாசிப்பில் எப்போது?

2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் நடந்த விழாவோடு, காலை உணவுத் திட்டம் நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. யார் முதலில் தொடங்கினார்கள், யார் கூடுதலாகச் செய்தார்கள் என்ற சண்டை ஓயாது, ஓயவும் வேண்டாம். ஆனால், பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடத்தான் வேண்டுமா என்று இன்று தமிழ்நாட்டில் ஓட்டுக் கேட்டு வரும் எவரும் கேட்கத் துணிய மாட்டார்கள்.

இந்த ஒப்புதல் எளிதில் வந்துவிடவில்லை. தி.நகர் யார் பெயரைச் சுமக்கிறதோ அந்தப் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தர மன்றம் முடிவெடுத்தது. திட்டம் பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23இல் 811 பேர் படித்தார்கள்; 1924-25இல் 1,671 பேர். எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டியும், தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்ததால், 1925 ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டி நின்றது. பின்னர் காமராசர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். அடுத்தடுத்து வந்தவர்கள் முட்டையைச் சேர்த்தார்கள், இப்போது காலை உணவும் சேர்ந்திருக்கிறது. ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் நிறுத்தவில்லை, கூட்டினார்கள்.

ஏன் அப்படி? சோறு கண்ணுக்குத் தெரிகிறது. இன்று உப்புமா வந்ததா, சாம்பார் கடைசிப் பந்திவரை இருந்ததா என்பதைப் பேரனை அழைத்துப்போக வாசலில் நிற்கும் பாட்டியே சொல்லிவிடுவார். உலை வைக்காவிட்டால் அன்றைக்கே ஊர் கேட்கும். வாசிப்பு அப்படித் தெரிவதில்லை. மூன்றாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை ஒரு பத்தியைத் திணறாமல் படிக்கிறதா, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்திருக்கிறதா என்பது வகுப்பறைச் சுவரைத் தாண்டி வருவதில்லை. ஆறாம் வகுப்பு ஆசிரியர் அதைக் கண்டுபிடிக்கும்போது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போயிருக்கும்.

குறிக்கோள் இல்லாமல் இல்லை. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவரும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைப் போடவும் 2025க்குள் கற்றிருக்க வேண்டும் என்று கெடு வைத்தது. ஒரே வகுப்பில் இருப்பவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பார்த்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பது அதன் வழி. நல்ல வழிதான். கெடு ஆண்டும் கடந்துவிட்டது. நம் தெருப் பள்ளியில் எத்தனை பேர் அரும்பிலிருந்து மலருக்கு வந்தார்கள் என்று கேட்டால், தலைமையாசிரியரைத் தவிர அந்தத் தெருவில் பதில் சொல்லக்கூடியவர் யார்?

அளவுகோல்களுக்கும் பஞ்சமில்லை. மாநிலத் திட்டக் குழு 2025 பிப்ரவரியில் 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்கு மாநில அளவிலான அடைவுத் தேர்வை நடத்தியது. ஒன்றிய அரசின் ‘பரக்’ தேசிய ஆய்வு 2024 டிசம்பரில் 3, 6, 9 ஆம் வகுப்புகளைப் பார்த்தது. நாளிதழ்கள் தலைப்பாக்கும் ‘ஏசர்’ அறிக்கையோ கிராமப்புறங்களை மட்டும் ஆராய்வது; முழுவதும் நகரமான சென்னை மாவட்டம் அதற்குள் வராது. இந்தக் கணக்குகளெல்லாம் மாவட்டத்தையும் மாநிலத்தையும் வரிசைப்படுத்த உதவும். மந்தைவெளியிலோ மேற்கு மாம்பலத்திலோ உள்ள ஒரு பள்ளியின் பெற்றோருக்கு அவற்றில் தம் பிள்ளையின் நிலை தெரியாது. ஆசிரியர் செயலியில் பதிவிடும் விவரம் மேலே போகிறது. தெருவுக்குத் திரும்பி வருவதில்லை.

பணத்தின் கதையும் இதேதான். நாம் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்துவரியில் கல்வி வரியும் அடங்கும். மாநகராட்சியின் பங்கு அதிலிருந்து வருகிறது. மாநில அரசு ஒரு பங்கு தருகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்று பகிர்கின்றன. குறிப்பிட்ட 28 சென்னைப் பள்ளிகளின் மேம்பாட்டுக்குப் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் நிதியும் வந்தது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல்’ அறக்கட்டளை வழியாக நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் தருகிறார்கள். இத்தனை பைகள் இருப்பதால், ஒன்று வற்றும்போது அடுத்ததைக் கைகாட்டுவது எளிதாகிவிடுகிறது.

அடிமட்டத்தில் வந்து சேரும் தொகையைப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. தொண்ணூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளி, துடைப்பத்திலிருந்து குழாய் பழுது வரை ஓராண்டு முழுதும் பார்த்துக்கொள்ளக் கிடைக்கும் அந்த 25,000 ரூபாய்க்கு, பாண்டி பஜாரில் ஒரு கல்யாணப் பட்டுப்புடவை எடுத்துவிடலாம். பிள்ளைகள் குறைந்தால் மானியம் குறையும். கழிப்பறையின் அளவு குறையாது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பேர் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இருவர் என்றால், ஒருவர் பாடம் நடத்தும்போது அவரிடமுள்ள மற்ற வகுப்புகள் தாமாகவே எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்.

2024-25இல் இந்தக் கைகாட்டல் உச்சத்துக்குப் போனது. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திட்டால் புதிய கல்விக் கொள்கையை ஏற்க வேண்டியிருக்கும் என்று தமிழ்நாடு மறுத்தது. ஒன்றியம் தன் பங்கான ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை விடுவிக்கவில்லை. 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மொழிக் கொள்கையில் மாநிலத்தின் உரிமை பெரிய கேள்வி. அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல இங்கே இடமில்லை. ஆனால், கையெழுத்தைக் காரணமாக வைத்து நடப்புத் திட்டத்தின் நிதியை நிறுத்துவது 1925இன் மறுப்பைத்தான் நினைவூட்டுகிறது. எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்ற வாதத்தில் அன்று பிள்ளைகளின் சிற்றுண்டி போயிற்று. இன்று தீர்ப்பு யார் பக்கம் வந்தாலும், இடையில் மூன்றாம் வகுப்பைக் கடந்துவிட்ட பிள்ளைக்கு அந்த ஆண்டைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

மானியத்தைக் குறைக்கும் அந்த மாணவர் எண்ணிக்கைச் சரிவை ஆசிரியர்களின் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமாகாது. அடையாற்றுக் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது, அவர்களின் பிள்ளைகளும்தான் போனார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டதை மயிலாப்பூர் மறந்திருக்காது. குடியிருப்பை அகற்றும் துறை ஒன்று, பள்ளியில் ஆள் குறைகிறது என்று கவலைப்படும் துறை வேறு. இரண்டுக்கும் வரி கட்டுகிறவர்கள் நாம்.

ஆகவே பகிர்ந்துகொள்ள வேண்டிய பொறுப்பைப் பெயர் சொல்லிப் பிரிப்போம். ஒன்றியமும் மாநிலமும் எந்தக் கொள்கைச் சண்டையையும் நடப்பு ஆண்டின் தொடக்கக் கல்வி நிதிக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும். மாநகராட்சி, நானூறுக்கும் மேற்பட்ட தன் பள்ளிகள் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரே ஒரு பலகை வைக்கட்டும். ஜூனில் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் எத்தனை பேர், ஏப்ரலில் எத்தனை பேர். இந்த ஆண்டு எந்தப் பையிலிருந்து எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது. நான்கு வரி போதும். பிள்ளைகளின் பெயரும் வேண்டாம், பள்ளிகளுக்கிடையே தரவரிசையும் வேண்டாம்.

பலகை வைத்தால் ஆசிரியர்களை ஊர் கூடித் திட்டும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் தொடங்கிய இடமும் அதில் இருக்க வேண்டும். அரும்பு நிலையில் முப்பது பேரோடு தொடங்கி, அவர்களில் இருபது பேரை மேலே கொண்டுவந்த ஆசிரியரின் உழைப்பு அப்போதுதான் தெரியும். அதோடு, இரண்டு ஆசிரியர்களை வைத்துக்கொண்டு ஐந்து வகுப்பு நடப்பதும் தெரியவரும். கேள்வி சரியான மேசைக்குப் போகும். கல்வித் துறையின் ‘100 நாள் சவால்’ பள்ளிகளில் பிள்ளைகளை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச் சொன்னார்கள். திறந்து காட்ட ஆசிரியர்கள் தயங்கவில்லை என்பதற்கு அது சான்று.

எஞ்சியது நம் பங்கு. எங்கள் பிள்ளை அங்கே படிக்கவில்லையே என்பார்கள் அடுக்ககவாசிகள். ஊரூரில் 1894இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கிய பிரம்மஞான சபையின் ஆல்காட்டின் பிள்ளையும் அங்கே படிக்கவில்லை. பெசன்ட் நகரில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. நாம் புதிதாகப் பள்ளி தொடங்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது சட்டம். 2024இல் முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் வந்தது. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மா அந்தக் குழுவின் உறுப்பினராக இருக்கலாம். கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில். அன்று அவரைச் சம்பளம் பிடிக்காமல் அனுப்புவது நன்கொடையைவிடப் பெரிய உதவி. குடியிருப்போர் சங்கங்கள் சாலைப் பள்ளத்தைப் பற்றி மாமன்ற உறுப்பினரிடம் கேட்கும் அதே மூச்சில், கல்வி வரி எங்கே போயிற்று என்றும் கேட்கலாம். மாநகராட்சிப் பள்ளியில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் குழுவில் ஓர் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

உணவை நிறுத்தும் துணிச்சல் எந்த அரசுக்கும் இல்லாமல் போனதற்குக் காரணம், அது தவறினால் அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பதுதான். மூன்றாம் வகுப்பின் வாசிப்பையும் அந்த நிலைக்குக் கொண்டுவருவதற்குப் புதிய சட்டமோ புதிய திட்டமோ தேவையில்லை. வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, வாசலில் அந்த நான்கு வரிப் பலகை எங்கே என்று கேட்கத் தொடங்கினால் போதும்.