சுகர், பிபி பார்த்தாச்சு... முதுகைப் பார்த்தீங்களா?

பிள்ளைகளுக்கு பெங்களூருவிலோ ஓசூரிலோ வேலை. கடத்தூர் வீட்டில் அப்பா கட்டிலோடு இருக்கிறார். இரவு வீடியோ காலில் கேட்பது பெரும்பாலும் ரெண்டே கேள்விதான்: "சுகர் எவ்வளவு? மாத்திரை போட்டாச்சா?" ரெண்டுக்கும் பதில் சரியாக இருக்கும்போதே, போர்வைக்கு அடியில் படுக்கைப்புண் ஆரம்பித்திருக்கலாம்.

சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என ரெண்டு மூணு நோய் சேரும்போது உடலின் தாங்கும் சக்தியே குறைகிறது. இந்தத் தளர்ச்சியை மருத்துவர்கள் 'ஃபிரெய்ல்டி' என்கிறார்கள். 2001-ல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழு இதற்கு 5 அடையாளங்கள் சொன்னது: காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. இதில் 3 இருந்தால் தளர்ச்சி உறுதி. "வயசாச்சு, அப்படித்தான்" என்று நாம தள்ளிவிடும் அதே விஷயங்கள்.

படுக்கைப்புண் ஆபத்தை அளக்க, 1987-ல் வெளியான 'பிரேடன்' அளவுகோல் இருக்கிறது. தொடுஉணர்வு, ஈரம், நடமாட்டம், புரண்டு படுக்கும் திறன், சாப்பாடு, தோல் உராய்வு என ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் தருவார்கள். 18 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து.

முதல் அறிகுறி தோல் சிவப்பது என்பார்கள். நம்ம நிறத்துக்கு அது சட்டென்று தெரியாது! வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் கவனம். சர்க்கரையால் நரம்பு பாதித்தவருக்கு வலியே தெரியாமல் போகலாம் என்பதால், "வலிக்குதா?" என்று கேட்டுப் பயனில்லை. நிறம் மாறிய இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது பழைய விதி. ராத்திரியில் அதை யார் செய்வது? பல வீடுகளில் அது எழுபது வயது அம்மாதான், அவரும் தளர்ந்தவர்தான்.

2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையோடு முடிவதில்லை. படுத்த படுக்கையானவர்களுக்கு ஆதரவு சிகிச்சை, பிசியோதெரபி இரண்டும் வீட்டுக்கே வந்து தருவது இதில் அடக்கம். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம். தோல் உரிந்து சீழ், நாற்றம், காய்ச்சல் என்று போனால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனை.