கேமிங் கம்ப்யூட்டருக்கும் போர் மோட்டாருக்கும் ஒரே கணக்குதான்

இந்த வாரம் மழை, மாடு, மஞ்சள் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரைப் பத்தி எழுதறேன். சிரிக்காதீங்க, கடைசி வரைக்கும் படிங்க.

2024 மாசியில குச்சிக்கிழங்கு வெட்டி, மில்லுல இருந்து பணம் கைக்கு வந்த வாரம். பையன் சேலத்துல காலேஜ் படிக்கறான். "அப்பா, கேம் ஆடற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் நானே பூட்டிக்கறேன், 60 ஆயிரம் ஆகும்"னு கேட்டான். எனக்கு சுர்ருனு ஏறுச்சு. 60 ஆயிரத்துக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம். ஆனா அவன் கையில ஒரு பட்டியல் இருந்துச்சு. சரி, என்னதான் எழுதியிருக்கான்னு உட்கார்ந்து பார்த்தேன்.

பட்டியல்ல பாதிப் பணத்துக்கு மேல கிராபிக்ஸ் கார்டுக்கே போயிருந்துச்சு. கலர் கலரா எரியற லைட்டுக்கு ஒரு தொகை. கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ்சுக்கு மட்டும் 1,500 ரூபாய். அங்கதான் நான் வாயைத் திறந்தேன்.

காரணம் இருக்கு. 2021ல ஆன்லைன் கிளாசுக்குன்னு டவுன்ல ஒரு கடையில கம்ப்யூட்டர் வாங்கினோம். டப்பாவோட சேர்ந்து வந்த மலிவு எஸ்எம்பிஎஸ். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்த் திரும்பி வந்துச்சு, உள்ள "பட்"டுனு ஒரு சத்தம், கருகின நாத்தம். எஸ்எம்பிஎஸ் மட்டும் போகலை, மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோயிடுச்சு. மிஞ்சினது மானிட்டரும் கீபோர்டும்தான். கடைக்காரர் "கரண்டு பிரச்சனைக்கு வாரண்டி இல்லீங்க"ன்னுட்டார்.

இது நமக்குப் புதுசா என்ன? மட்டமான ஸ்டார்ட்டர் போட்டு மோட்டார் காயில் எரிஞ்சு, மறுபடி கட்ட எத்தனை தடவை காசு குடுத்திருக்கோம்? வீடியோவுல வர்ற பட்டியல் எல்லாம் கரண்டு ஒழுங்கா வர்ற ஊர்க்காரங்களுக்கு. லைன் கடைசியில இருக்கற நம்ம வீட்டுக்கு அது அப்படியே பொருந்தாது. என் கருத்து இதுதான்: நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் பட்டியலை எஸ்எம்பிஎஸ்சுல இருந்து எழுத ஆரம்பிக்கணும்.

வாங்கும்போது '80 பிளஸ்' முத்திரை இருக்கான்னு பாருங்க. இழுக்கற கரண்டுல 80 சதவீதத்துக்கு மேல வீணாகாம உள்ள போகுதுன்னு சோதிச்சுக் குடுக்கறது அது. ஆனா முத்திரை மட்டும் போதாது, பேர் தெரிஞ்ச கம்பெனியா, எத்தனை வருஷம் வாரண்டின்னும் கேளுங்க. அதோட வீட்டு எர்த்தை ஒரு தடவை எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. எர்த் குழியில கரியும் உப்பும் போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு நம்மள்ல பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காது.

அடுத்து, ஒண்ணுக்கொண்ணு பொருத்தம். போர்ல ஒரு இஞ்ச் தண்ணி வரும்போது பத்து எச்.பி. மோட்டார் இறக்கினா என்ன ஆகும்? கொஞ்ச நேரத்துல காத்து இழுக்கும். இதுவும் அப்படித்தான். எங்க பழைய மானிட்டர் 1080 அளவு, செகண்டுக்கு 60 படம்தான் காட்டும். அதுக்கு லட்ச ரூபாய் கார்டு போட்டா, காட்ட முடியாத படத்தைப் போட்டுக் குவிக்கும், அவ்வளவுதான். கேம் கம்ப்யூட்டர்ல பெரிய பங்கு கார்டுக்குத்தான் போகும், அதை நான் மறுக்கலை. மானிட்டரைப் பார்த்துட்டு கார்டை முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்றேன்.

ரெண்டு நாள் அடிச்சுத் திருத்தி, ராத்திரி ரயில் ஏறி, விடியக்காலம் சென்ட்ரல்ல இறங்கி, கடை திறக்கற நேரத்துக்கு ரிச்சி தெரு போனோம். வாங்கினது இதுதான்:

கிராபிக்ஸ் கார்டு, ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி – 21,000
பிராசசர், ரைசன் 5 5600 – 10,500
பி550 மதர்போர்டு – 8,000
ராம், 8 ஜிபி ரெண்டு – 3,500
1 டிபி எஸ்எஸ்டி – 4,500
550 வாட் எஸ்எம்பிஎஸ் – 4,000
முன்னாடி வலை வச்ச கேபினட் – 3,500
சின்ன யூபிஎஸ் – 3,000

மொத்தம் 58,000. ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் மீதி. இது அன்னைக்கு விலை, இப்ப மாறியிருக்கும், கேட்டுட்டுப் போங்க.

இந்தக் கார்டு 132 வாட்தான் இழுக்கும், அதனால 550 வாட் தாராளம். ராமை ஒரே 16 ஜிபியா வாங்காம ரெண்டு எட்டா வாங்கினா ரெண்டு வாய்க்கால்ல தண்ணி பாயற மாதிரி வேகம் கிடைக்கும். யூபிஎஸ் கேம் ஆட இல்லை, கரண்ட் போனா ஒழுங்கா அணைக்க. வலை வச்ச கேபினட் ஏன்னா, இது ஓட்டு வீடு, சித்திரை வெயில், செம்மண் புழுதி. மாசம் ஒரு தடவை பையன் பிரஷ்ஷால தட்டி சுத்தம் பண்றான்.

பழைய கார்டு பாதி விலைக்குத் தர்றேன்னும் ஒருத்தர் கூப்பிட்டார். வேண்டாம்னுட்டோம். 2022 செப்டம்பர்ல எத்தீரியம் காசை கார்டு வச்சு எடுக்கற முறை நின்னுபோச்சு. அப்ப ராப்பகலா ஓடின கார்டு நிறைய பழைய சந்தைக்கு வந்துச்சு. பில்லும் வாரண்டியும் இல்லாம வாங்கறது, பல்லைப் பார்க்காம மாடு பிடிக்கற மாதிரி.

கையில இவ்வளவு இல்லாதவங்க கடன் வாங்காதீங்க. ரைசன் 5 5600ஜின்னு ஒண்ணு இருக்கு, படம் காட்டற வேலையையும் அதுவே பார்த்துக்கும். கனமில்லாத கேம் ஓடும். அடுத்த வெள்ளாமைக்கு கார்டு சேர்த்துக்கலாம். என் பொண்ணுக்கு ஸ்கூல்ல குடுத்த இலவச லேப்டாப்புல அப்படிச் சேர்க்க வழி இல்லை. பூட்டற கம்ப்யூட்டர்ல இருக்கற லாபமே அதுதான்.

"கேம் ஆடவா காசு?"ன்னு பக்கத்துக் காட்டு மாமா கேட்டார். ஆடறான், இல்லைங்கலை. எனக்கும் அது முழுசாப் பிடிச்சுடலை. ஆனா அந்த ரெண்டு நாள் அவன் எங்கிட்ட மோட்டார் கணக்கு கேட்டான், நான் அவங்கிட்ட ராம் கணக்கு கேட்டேன். அவன் பெரியவனான பிறகு நாங்க அவ்வளவு நேரம் பேசினதே இல்லை. உங்க பிள்ளை கேட்டா உடனே சரின்னும் சொல்லாதீங்க, வேண்டாம்னும் விரட்டாதீங்க. பட்டியலை எடுத்துட்டு வரச் சொல்லி, எஸ்எம்பிஎஸ் எவ்வளவுன்னு முதல்ல கேளுங்க.