காட்டுமாடு செத்துக் கிடந்தால் யாரிடம் சொல்வீர்கள்?

சிறுமலை விவசாயிக்கு முடிக்கொத்து நோயைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மலைவாழையை அந்த நோய் தோட்டம் தோட்டமாக எப்படி அழித்தது என்பதை இன்றைய பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நம் தோட்டத்தை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், பக்கத்தில் யாரும் கவனிக்காத தோட்டத்தில் நோய் கண்ட ஒரு மரம் நின்றால் போதும்; அசுவினி அங்கிருந்து நோயை இங்கே கொண்டு வந்துவிடும்.

மாட்டுக்கும் மனிதனுக்கும் வரும் நோய்களிலும் இதே கணக்குதான். நமக்குப் பக்கத்துத் தோட்டம், காடு. புதிதாகத் தலைதூக்கும் மனித நோய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு விலங்குகளிடமிருந்து வருபவை என்கிறார்கள் வல்லுநர்கள். உலகம் முழுவதும் பரவும் கொள்ளைநோய் என்றால் என்ன என்று 2020-ல் பார்த்துவிட்டோம். ஊரடங்கில் நிலக்கோட்டை மல்லிகை செடியிலேயே வாடியது; காய்கறியை ஏற்ற வண்டி இல்லை, வாங்கச் சந்தை இல்லை. இன்னொரு கொள்ளைநோய் வராமல் தடுப்பது மருத்துவமனைகளின் வேலை மட்டும் அல்ல. அதில் விவசாயிக்கும் பங்கு உண்டு.

காட்டு விலங்கிடம் இருக்கும் கிருமி மனிதனிடம் வர இடையில் பல நேரம் ஒரு படி இருக்கிறது. மலேசியாவில் 1998-99-ல் நிபா வைரஸ் அப்படித்தான் வந்தது. பன்றிக் கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள் இருந்தன. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழங்கள் கொட்டகையில் விழுந்தன. முதலில் பன்றிகளுக்கும், பிறகு பண்ணையில் வேலை செய்தவர்களுக்கும் நோய் வந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தனர். சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். அதே நிபா 2018-ல் பக்கத்துக் கேரளத்தின் கோழிக்கோடு பகுதிக்கு வந்து 17 உயிர்களைப் பறித்தது.

இன்னொரு பாடம் கர்நாடகத்தில் இருக்கிறது. 1957-ல் ஷிமோகா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றியிருந்த ஊர்களில் மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. உண்ணி மூலம் பரவும் அந்த நோயைத்தான் இன்று குரங்குக் காய்ச்சல் என்கிறோம். 2012-13-ல் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு பக்கமும் அதன் தடம் தெரிந்தது. குரங்குகள் வழக்கத்துக்கு மாறாகச் சாவதுதான் இந்த நோய்க்கு முதல் எச்சரிக்கை. காட்டில் சாவு தெரிந்தவுடன் ஊருக்குச் சொன்னால், மக்களைக் காக்க நாள் கிடைக்கும்.

காடுதான் நமக்கு நோய் தருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நம் பட்டியிலிருந்தும் காட்டுக்கு நோய் போகிறது. 1968-ல் முதுமலையில் வெக்கை நோய் பரவி காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. வெக்கை நோய் நாட்டு மாடுகளில் காலங்காலமாக இருந்த நோய். அதை வென்றது தடுப்பூசி. இந்தியாவில் கடைசியாக 1995-ல் தமிழகத்தில் தென்பட்ட அந்த நோய், 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நம் மாட்டுக்குப் போட்ட ஊசி காட்டுமாட்டையும் காப்பாற்றியது. இன்று கோமாரிக்கும் இது பொருந்தும். கோமாரி காட்டுமாட்டையும் தாக்கும்.

அடைப்பான் நோய் இன்னும் நெருக்கமானது. 2021 ஜூலையில் கோவை ஆனைகட்டி அருகே இறந்த யானைக்கு அடைப்பான் உறுதியானது. இந்தக் கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இறந்த விலங்கை அறுத்தாலோ தோலை உரித்தாலோ அந்த இடமே பல ஆண்டுகளுக்கு நோய்க் களமாகிவிடும். அங்கே மேயும் மாட்டுக்கும், அந்தக் கறியைத் தொட்டவருக்கும் நோய் வரும்.

இனி சிறுமலைக்கு வருவோம். பழையூர், புதூர், தென்மலை, அகஸ்தியபுரம் என்று காட்டுக்குள்ளேயே ஊர்களும் தோட்டங்களும் இருக்கின்றன. கீழே சின்னாளபட்டி, நத்தம், சாணார்பட்டி பக்கம் அடிவாரத்து மாடும் ஆடும் மலையோரம் மேய்கின்றன. காட்டுமாடு குடிக்கும் தண்ணீரையே நம் மாடும் குடிக்கிறது. இந்தக் காட்டில் ஒரு விலங்கு நோயில் செத்தால், முதலில் பார்ப்பவர் மாடு மேய்ப்பவரோ, மிளகு பறிக்கப் போனவரோதான். ஆய்வுக்கூடமும் மருத்துவரும் அதற்குப் பிறகுதான்.

ஆனால் பார்த்தவர் சொல்கிறாரா? பெரும்பாலும் சொல்வதில்லை. அதற்குக் காரணம் அக்கறையின்மை அல்ல, பயம். 'மின்வேலி போட்டாயா, வெடி வைத்தாயா, விஷம் வைத்தாயா' என்று விசாரணை தன் பக்கம் திரும்பிவிடும் என்ற பயம். அவரையையும் வாழையையும் காட்டுமாடு அழித்துவிட்டுப் போன தோட்டத்துக்காரருக்கு அந்தப் பயம் இரண்டு மடங்கு. அதனால் பார்த்தும் பாராமல் போய்விடுகிறோம். நாயும் நரியும் தின்று, காக்கை இழுத்து, சாவின் காரணமே தெரியாமல் போகிறது. நோய்க்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை சில. காட்டுமாடோ குரங்கோ பன்றியோ செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், நாயை அண்ட விடாதீர்கள். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம் வடிந்திருந்தால் அடைப்பானாக இருக்கலாம். அன்றே வனத்துறைக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். உங்கள் மாடு திடீரெனச் செத்தாலும் இதே விதிதான். மருத்துவர் பார்க்கும் முன் தோலை உரிக்க விடாதீர்கள். 1962-ஐ அழைக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் கோமாரி ஊசியை 'பால் குறையும்' என்று தவிர்க்காதீர்கள். பால் ஓரிரு நாள் குறைந்தாலும் திரும்ப வரும். கோமாரியில் போனது திரும்ப வராது. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்குக் கன்று வீச்சு நோய்க்கான ஊசி ஒரு முறை போதும். நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய் ஊசி போடுங்கள். அய்யலூர் சந்தையில் வாங்கிய ஆட்டை நேராக மந்தையில் சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டுங்கள்.

வௌவால் கடித்த பழத்தை நீங்களும் தின்னாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். அதற்காக வௌவாலை விரட்டவும் வேண்டாம். மகரந்தம் சேர்ப்பதும் விதை பரப்புவதும் அதன் வேலை. கலைத்து விரட்டினால் நோய்தான் கூடுதலாகப் பரவும். ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி மருந்து என்பது வெறும் நம்பிக்கை. காட்டு வேலைக்குப் போய் வந்தபின் காய்ச்சல் வந்து, உடம்பில் கருகிய புண் ஒன்று தெரிந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். உரிய மருந்தில் குணமாகும்.

அரசுத் துறைகளும் மூன்று காரியம் செய்ய வேண்டும். ஒன்று, தகவல் சொன்னவரைச் சாட்சியாக நடத்துங்கள். சந்தேக நபராக நடத்தாதீர்கள். சொன்னதற்காக ஒருவர் அலைக்கழிக்கப்பட்டால் அடுத்த பத்து ஆண்டுக்கு அந்த ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு, பரிசோதனை முடிவை அந்த ஊர் கிராம சபையில் சொல்லுங்கள். நோய் இல்லை என்றாலும் சொல்ல வேண்டும். மூன்று, வனத்துறையும் கால்நடைத் துறையும் சேர்ந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மலை ஊர்களிலும் அடிவாரத்திலும் ஒரே சுற்றில் தடுப்பூசி முகாம் நடத்துங்கள். 18 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் ஊசி வர வேண்டும். மாட்டை ஓட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு யாரும் இறங்க முடியாது.

விரிவாக்கப் பணியாளர்களே, உங்கள் கைப்பேசி எண்ணோடு வனவரின் எண்ணையும் கால்நடை மருத்துவரின் எண்ணையும் ஊர்ச் சாவடியிலும் பால் சங்கத்திலும் எழுதிப் போடுங்கள். சாவைப் பார்த்தவருக்கு யாரிடம் சொல்வது என்ற குழப்பம் இருக்கக் கூடாது.

முடிக்கொத்து கண்ட முதல் மரத்தை அன்றே வெட்டி அழித்தவர் தன் தோட்டத்தோடு பக்கத்துத் தோட்டத்தையும் காப்பாற்றினார். காட்டில் செத்துக் கிடக்கும் முதல் விலங்கை அன்றே சொல்பவரும் அதைத்தான் செய்கிறார்.