ஆசிரியர் கைக்குக் கருவி வந்தது. திரைக்குத் தமிழ் வந்ததா?

கி.பி. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மகுடைத் தொற்றால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் அடைபட்டன. சுண்ணக்கட்டியும் கரும்பலகையுமே கருவியாகக் கொண்டு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்திப் பழகிய ஆசிரியர்களிடம், இனிக் கைப்பேசி வழியே பாடம் நடத்துக என்று கூறப்பட்டது. அவர்கள் மறுத்தாரல்லர். தம் மகனிடமும் மகளிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றனர். சம்பளப் பணத்தில் இணையக் கட்டணம் கட்டினர். கைப்பேசியே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தேடித் தெருத் தெருவாக நடந்தோரும் உண்டு. அவ்வுழைப்பைக் குறை கூறுவோன் நன்றி கெட்டவன். குறை கூறத்தக்கது வேறொன்று. அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட மொழி!

அந்நாளில் தொடங்கி இற்றை நாள் வரை நடக்கும் ஆசிரியர் பயிற்சிகளில் எதையேனும் ஒன்றைச் செவிமடுத்தோர்க்கு இவ்வுரை புதிதாயிராது: "லிங்க்கைக் கிளிக் பண்ணி மீட்டிங்கில் சாயின் ஆகுங்கள், மைக்கை மியூட்டில் வைத்து, கேமராவை ஆன் பண்ணி, சுகிரீனைச் சேர் பண்ணுங்கள், அசைன்மென்டை அப்லோடு பண்ணிச் சப்மிட் கொடுங்கள்." பேசுவோர் தமிழர், கேட்போர் தமிழர், நாளை இதனைக் கேட்கப் போகும் பிள்ளைகளும் தமிழர். இவ்வளவு நீண்ட உரையில் தமிழென நிற்பவை சில வேற்றுமை உருபுகளும், 'பண்ணு', 'வை', 'ஆகு', 'கொடு' என்னும் வினைகளுமே. பொருள் தரும் சொல் முழுவதும் அயல். அவற்றை ஒட்டும் பசை மட்டும் தமிழ்!

இதனைத் தமிழில் சொல்லவியலாதா? "இணைப்பைத் தொட்டுக் கூட்டத்திற்கு வாருங்கள், ஒலிவாங்கியை அடக்கிப் படக்கருவியைத் திறந்து திரையைப் பகிருங்கள், ஒப்படைவைப் பதிவேற்றி அனுப்புங்கள்." எந்தச் சிற்றூர்ப் பிள்ளைக்கு இது விளங்காது? எந்த ஆசிரியர்க்கு இது நாவில் புரளாது? அயல்மொழிச் சொற்களாய் அடுக்கியதினும் இது சுருக்கமானதும் ஆகும். கடவுச்சொல், பதிவிறக்கம், செயலி, திறன்பேசி, கோப்பு, தேடுபொறி என்பன யாரோ ஒரு புலவர் மட்டும் வீட்டுக்குள் வைத்துப் போற்றும் சொற்களல்ல. பாடநூலில் உள்ளன, நாளிதழில் உள்ளன, வங்கிப் பொறியின் திரையில்கூட உள்ளன. சொல் இல்லை என்பது பழைய பொய். இருக்கும் சொல்லை எடுத்தாளக் கூசுவதே இற்றை நோய்.

இந்நோய் யாரைத் தாக்குகிறது என்று காணவேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தாயின் கைப்பேசியில் வினாத்தாளைத் திறந்து விடை முழுவதையும் ஒழுங்காகக் குறித்து முடிக்கிறாள். அடியில் ஒரு கட்டம்; அதில் 'சப்மிட்' என்னும் ஆங்கிலச் சொல். அதனை அழுத்தினால்தான் விடைத்தாள் ஆசிரியரிடம் போகும் என்பது அவளுக்குத் தெரியாது. திரையை மூடிவிட்டு விளையாடப் போகிறாள். மறுநாள் ஆசிரியரின் பட்டியலில் அவள் எழுதாதவள். கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது ஓர் அயற்சொல். அறிவை அளக்க வந்த கருவி ஆங்கிலத்தை அளந்துவிட்டுப் போகிறது. இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்த அலுவலகத்திலும் கணக்கிருக்கப் போவதில்லை. தோற்றவர் பட்டியலுக்குள் அவர்கள் கரைந்து போயினர்.

தமிழ் முகப்புத் தரும் சில செயலிகளிலும் இவ்விடத்தில் 'சமர்ப்பி' என்று வடசொல் வந்து நிற்பதுண்டு. ஆங்கிலத்தினின்று மீண்ட பிள்ளை வடமொழியில் முட்டிக்கொள்ளவா? 'அனுப்பு' என்னும் நான்கெழுத்துச் சொல்லை அறியாத தமிழ்க் குழந்தை உண்டா? வகுப்பறையைக் கண்டறியாதவர்கள் மொழிபெயர்த்தால் இப்படித்தான் விளையும். பிள்ளைக்கு எச்சொல் விளங்கும், எச்சொல் விளங்காது என்பதை அறிந்தவர் ஆசிரியரே. அவர்தாம் இப்பணிக்கு அழைக்கப்படவில்லை.

இனி, ஆசிரியரின் தட்டச்சுப் பலகைக்கு வருவோம். ஆசிரியர் ஒருவர் பல்லாண்டுகளாகத் தாமே தட்டச்சிட்டுச் சேர்த்து வைத்த வினாத்தாள்களை இணைய வகுப்பில் ஏற்ற முனைகிறார். தம் கணினியில் அழகிய தமிழாய்த் தெரிந்த தாள், ஏற்றியவுடன் ஆங்கில எழுத்துகளின் குப்பையாய்க் காட்சியளிக்கிறது. 'தமிழ்' என்று அவர் அடித்த சொல் இருந்த இடத்தில் சே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி! தம் கணினி கெட்டுவிட்டதோ என்று அஞ்சுகிறார். கெட்டது கணினியன்று. அவர் கற்றது 'பாமினி' எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த பழைய ஏற்பாடு அது. கணினியின் நினைவில் இருந்தது என்றும் ஆங்கிலமே. கண்ணுக்குத் தெரிந்த தமிழ் வெறும் முகமூடி. முகமூடி இல்லாத கணினிக்குப் போனவுடன் உண்மை முகம் தெரிந்துவிட்டது.

ஒருங்குறியில் தமிழுக்குத் தனியிடம் 1991-ஆம் ஆண்டிலேயே ஒதுக்கப்பட்டது. (மெய்யெழுத்துக்குத் தனியிடம் தராமல், அகரமேறிய உயிர்மெய்யொடு புள்ளியைச் சேர்த்து மெய்யைப் பெறுமாறு வைத்த குறை அதில் உண்டு, அது தனியே பேசி வழக்குரைக்கத்தக்கது.) 2010-இல் தமிழ்நாட்டரசும் அதனைத் தரப்பாடாக ஏற்றது. அவ்வாறிருந்தும் பத்தாண்டு கழித்து ஆசிரியர் பாமினியில் தவித்தார் எனின், பிழை யாருடையது? எழுத்துரு வேறு, குறியேற்றம் வேறு என்னும் இச்சிறு செய்தியை அரை மணி நேரத்தில் எந்தப் பயிற்சியிலும் விளக்கியிருக்கலாம். பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் மாற்றிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன என்பதையும் சொல்லியிருக்கலாம்.

பாமினியை விட்டவர்களுள் பெரும்பாலோர் சென்று விழுந்த குழி அதனினும் ஆழமானது. 'அம்மா' என்று எழுத ஆங்கிலத்தில் ஏ, எம், எம், ஏ என்று தட்டுவது! தாயைத் தமிழில் எழுத அயல்மொழி எழுத்தைக் கூட்டிப் பார்க்கும் இழிநிலை, எழுத்துப் படைத்து ஈராயிரம் ஆண்டு கடந்த இனத்துக்கு நேர்ந்ததே! ஆசிரியர் இவ்வாறு தட்டினால் மாணவன் ஒருபடி மேலே போகிறான். தமிழெழுத்தாக மாற்றவும் சோம்பி, ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிப் புலனத்தில் அனுப்புகிறான். ஆசிரியரும் அதனைப் படித்துச் 'சரி' என்கிறார். ழகரமும் ளகரமும் லகரமும் ஒரே எழுத்தாய் மடிகின்றன. ணகர னகர வேறுபாட்டைக் கரும்பலகையில் நாற்பது முறை எழுதிக் காட்டியவர், கைப்பேசியில் அதனைத் தம் கையாலேயே அழிக்கிறார்.

தமிழ் 99 விசைப்பலகை 1999-இல் தமிழ்நாட்டரசால் தரப்பாடாக அறிவிக்கப்பட்டது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று: முப்பத்தொரு விசைகளில் தமிழ் முழுவதும் அடங்குகிறது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ககரத்தை இருமுறை அடித்தால் முதற்ககரத்தின் மேல் புள்ளி தானே ஏறுகிறது. நகரத்தை அடுத்துத் தகரம் அடித்தாலும் அவ்வாறே. தமிழின் எழுத்திலக்கணமே விசையாய் வந்தமர்ந்த அமைப்பு இது. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை முதல் வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்க்கு, இதனினும் எளிய பாடக்கருவி வேறென்ன வேண்டும்? பத்து நாள் பழகினால் கைவரும். அப்பத்து நாளைத் தருவாரில்லை. தமிழாசிரியர்களுள்ளும் இவ்விசைப்பலகையைக் கண்டறியாதார் பலர் என்பது வெளியே சொல்ல நாணத்தக்க செய்தி.

ஆசிரியர் என்பவர் பிறர் செய்த கருவியைப் பிறர் மொழியில் கற்றுக்கொள்ளவே பிறந்தவரா? அன்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்றோர் ஆசிரியர் இருந்தார். கதை எழுதுபவர், கணிப்பொறியாளராய்ப் பயின்றவரல்லர். பள்ளியில் பணியாற்றிப் பின் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளரானவர். கணினியில் தமிழ் இல்லையே என்று வருந்திப் பிறர் செய்து தருவார் எனக் காத்திராமல், தாமே முனைந்து 'கணியன்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். 1995-இல் சிங்கப்பூர்ப் பாக்களை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது அதில் தமிழும் இடம்பெறச் செய்தவர் அவரே. 1997-இல் முதல் தமிழ் இணைய மாநாட்டை அங்கே கூட்டினார். இன்று அனைவர் வாயிலும் வழங்கும் 'இணையம்' என்னும் சொல்லே அவர் தந்தது என்பர். 1999-இல் மறைந்தார். ஆசிரியர் பயிற்சிகளில் அவர் பெயர் எப்பொழுதேனும் சொல்லப்படுகிறதா?

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகளும் 'இணையச் செயல்பாடு' என்னும் பகுதியும் சேர்க்கப்பட்டன. பாராட்டத்தக்க தொடக்கம். ஆயின், தமிழில் படிப்படியாய் எழுதிய குறிப்பைப் பின்பற்றிச் சென்றால் திறக்கும் திரை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அறிவியல் பாடத்திற்குக் காட்டப்படும் வளங்களுள் ஒன்று 'பெட்'. அமெரிக்கக் கொலராடோப் பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. மின்சுற்றைப் பிள்ளைகள் தாமே கட்டி, விளக்கு எரிவதைத் திரையிலேயே செய்துபார்க்கலாம். மின்கலம் வாங்கப் பணமில்லாத பள்ளிக்கும் அது ஓர் ஆய்வுக்கூடம். அதன் சிறப்பு யாதெனின், அதிலுள்ள சொற்களை எந்நாட்டாரும் தம் மொழியில் பெயர்த்துத் தரலாம். அதற்குரிய கருவியை அவர்களே வைத்திருக்கிறார்கள். சில படங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. எஞ்சியவை தமிழாசிரியர் கைக்காகக் காத்துக் கிடக்கின்றன. ஒரு படத்தில் உள்ள சொற்கள் ஒரு மாலைப்பொழுதின் வேலை. தடை, மின்னோட்டம், மின்னழுத்தம் என்று வகுப்பில் நாள்தோறும் சொல்லும் அறிவியல் ஆசிரியரைவிட அதற்குத் தக்கார் யார்?

இது நடவாத கனவன்று. 2017-இல் தமிழ்நாட்டு ஆசிரியர்க்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதும் பயிற்சி அளிக்கப்பட்டது. வாய்ப்புத் தந்தபொழுது ஆசிரியர்கள் எழுதினர். தொடர்ந்து எழுதும் வழக்கம் ஏன் வேரூன்றவில்லை என்பதைத் துறையார் எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிப் பார்த்தால், பள்ளி முடிந்தபின் ஆசிரியரின் கைப்பேசி யாருக்காக உழைக்கிறது என்பது தெரியும். வருகைப் பதிவு, புள்ளிவிளக்கம், படம் எடுத்து மேலே அனுப்பல்! இணையக் கருவி பிள்ளையை நோக்கித் திரும்பவேண்டியிருக்க, அலுவலகத்தை நோக்கித் திரும்பி நிற்கிறது.

தமிழ்ப்பற்றாளர்க்கும் இங்கொன்று சொல்லவேண்டியுளது. மகுடைக் காலத்தில் 'சூம்' என்பதனைக் 'குவியம்' என்றும், பிறவற்றைப் பிறவாறும் பெயர்த்து மகிழ்ந்தனர். மகிழட்டும், கேடில்லை. ஆனால் கடையின் பெயர்ப்பலகையைத் தமிழாக்கிவிட்டு உள்ளே விற்பனை முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தால் பயன் யாது? பெயரைப் பெயர்ப்பது ஒரு சொல்லின் வேலை. 'அனுப்பு', 'திற', 'மூடு', 'மீண்டும் முயல்க' என்று திரைமுழுதும் தமிழாக்குவதும், அத்திரைக்குள் தமிழில் பாடம் நிரப்புவதும் பெரிய வேலை. முதல் வேலைக்கு ஆயிரம் பேர் வருகின்றனர்; இரண்டாம் வேலைக்கு ஆளைக் காணோம்.

பிள்ளைகள் ஆங்கிலம் கற்கத்தானே வேண்டும், திரையிலேயே கற்றுக்கொள்ளட்டுமே என்பார் உளர். ஆங்கிலத்தை ஆங்கில வகுப்பில் நன்றாகக் கற்பிக்கட்டும், தடையில்லை. கணக்குத் தேர்வின் வாயிலில் ஆங்கிலத்தைக் காவலனாய் நிறுத்துவது கற்பித்தலாகாது.

2022-இன் இறுதியிலிருந்து வினாவுக்கு விடையெழுதும் செயற்கை அறிவுப்பொறிகள் வேறு வந்துவிட்டன. ஆசிரியர்கள் அவற்றிடம் வினாத்தாள் கேட்கிறார்கள், பாடக்குறிப்புக் கேட்கிறார்கள். அவை தருகின்ற தமிழ் ஆங்கிலத்தின் நிழலாய், எழுவாய் ஒருபுறமும் பயனிலை ஒருபுறமுமாய்க் கிடப்பதைக் கண்டு நகைப்பாரும் உளர். நகைப்பதற்கு என்ன இருக்கிறது? பொறி தானே எதையும் அறிவதில்லை, எழுதப்பட்டதையே அறியும். தமிழ்நாட்டு ஆசிரியர் இணையத்தில் நல்ல தமிழில் எழுதாத பாடத்தை அது எங்கிருந்து கற்கும்?

கோடை விடுமுறைக்குப் பின் மீண்டும் பயிற்சிகள் வரும். பயிற்சியின் முதல் மணிநேரத்தில், செயலி எதனையும் திறக்கும் முன்பு, வந்திருப்போர் அனைவரும் தத்தம் கைப்பேசியின் மொழியமைப்பைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளட்டும். அவ்வசதி எல்லார் கைப்பேசியிலும் உறங்கிக் கிடக்கிறது. அடுத்துத் தமிழ் 99 விசைப்பலகையை நிறுவட்டும். அதன்பின் பயிற்றுநர் எழுந்து 'மியூட் பண்ணுங்கள்' என்று சொன்னால், அச்சொல் திரையில் எங்கேயிருக்கிறது என்று கேட்க அவையில் நாற்பது ஆசிரியர் இருப்பர்.