பூட்டான்: அவசரக்காரர்களுக்கு அல்ல

கலாசாரமும் மலைநடையும் சேர்ந்த பயணம் என்றால் இமயத்தில் இதைவிடப் பொருத்தமான நாடு இல்லை. ஆனால் திட்டம் போடும்போதே பொறுமை வேண்டும்.

உலகில் இதுவரை யாரும் ஏறாத சிகரங்களிலேயே மிக உயரமானது பூட்டானில் இருக்கிறது. பெயர் கங்கர் புன்சும். உயரம் 7,570 மீட்டர். எண்பதுகளில் சில குழுக்கள் முயன்று தோற்றன. 1994ல் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறத் தடை வந்தது. 2003ல் சிகரம் ஏறுவதே முற்றிலும் தடை செய்யப்பட்டது. சிகரங்கள் தெய்வங்கள் வாழும் இடம் என்பது மலைக் கிராமத்து மக்களின் நம்பிக்கை. பக்கத்து நேபாளம் எவரெஸ்ட் ஏறக் கட்டணம் வாங்கிக்கொண்டிருக்க, அந்த வருமானமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது பூட்டான். மலையைப் பார்க்கலாம், அதன் அடிவாரத்தில் நாள் கணக்கில் நடக்கலாம். உச்சிக்கு மட்டும் போகக் கூடாது.

பயணத் திட்டம் போடுபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த மனோபாவத்தைத்தான். 1974ல் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவை ஒட்டித்தான் பூட்டான் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. அப்போதிருந்தே கொள்கை ஒன்றுதான்: கூட்டம் வேண்டாம், வருகிறவர்கள் செலவு செய்கிறவர்களாக இருந்தால் போதும். இந்தியர்களுக்கு மட்டும் நெடுநாள் விதிவிலக்கு இருந்தது. 2019ல் பூட்டானுக்கு வந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியர்கள். அடுத்த ஆண்டே விதிவிலக்கு போயிற்று. இப்போது இந்தியர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். 6 முதல் 12 வயது வரை பாதி. அதற்குக் கீழே இலவசம். மற்ற நாட்டினர் பெரும்பாலோருக்கு 100 டாலர். 2022ல் இது 200 டாலராக இருந்து, மறு ஆண்டு குறைக்கப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணவன், மனைவி, பத்து வயதில் ஒரு பிள்ளை, ஐந்து வயதில் ஒன்று. ஆறு இரவு தங்கினால் கட்டணம் மட்டும் 18,000 ரூபாய். ஓட்டல், கார், சாப்பாடு எல்லாம் தனி. "நேற்று வரை சும்மா போய் வந்த ஊருக்கு இவ்வளவா?" என்ற முணுமுணுப்பு நியாயமானதுதான். ஆனால் மருத்துவத்தையும் பள்ளிப் படிப்பையும் தன் மக்களுக்கு இலவசமாகத் தரும் சிறிய நாடு அது. நாட்டின் பரப்பில் எக்காலத்திலும் 60 சதவீதம் காடாக இருக்க வேண்டும் என்று 2008ல் வந்த அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. கூட்டம் பெருகினால் என்ன ஆகும் என்பதையும் அது பார்த்திருக்கிறது. 2019 அக்டோபரில் தோச்சுலா கணவாயில் இந்தியப் பயணி ஒருவர் புனித ஸ்தூபியின் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அங்குள்ள 108 ஸ்தூபிகளும், இந்தியத் தீவிரவாதிகளை விரட்ட பூட்டான் ராணுவம் 2003ல் நடத்திய போரில் இறந்த வீரர்களின் நினைவைச் சுமப்பவை. அந்தப் படம் பூட்டானில் கிளப்பிய கோபத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

போவது எப்படி?

இந்தியர்களுக்கு விசா கிடையாது. நுழைவு அனுமதி உண்டு. ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதார் அட்டை செல்லாது. எல்லை வரை போய் இதைத் தெரிந்துகொண்டு திரும்புவதைவிட வீட்டிலேயே பெட்டியைச் சரிபார்ப்பது மேல். ரயிலில் போகிறவர்கள் மேற்கு வங்கத்தில் ஹாசிமாரா நிலையத்தில் இறங்கி, ஜெய்காவ் வழியாக புன்சோலிங் எல்லையைத் தொடலாம். அங்கிருந்து திம்பு நாலைந்து மணி நேரப் பயணம். 1958ல் நேரு பூட்டான் போனபோது சாலையே இல்லை. மலைப்பாதையில் விலங்குகளின் முதுகில்தான் பயணம். அதற்குப் பிறகுதான் இந்திய எல்லைச் சாலை அமைப்பு இந்தப் பாதையை வெட்டியது.

விமானத்தில் போவதென்றால் டில்லி, கல்கத்தாவிலிருந்து பாரோ. டில்லியிலிருந்து போகும்போது இடதுபுற ஜன்னல் கிடைத்தால் இமயச் சிகரங்களின் வரிசையே தெரியும். பாரோ விமான நிலையம் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. வானிலை ஒத்துழைக்காவிட்டால் விமானம் தாமதமாகும். திரும்பும் அன்றே கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு அடுத்த விமானம் என்று டிக்கெட் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. ஒரு நாள் கையிருப்பு வேண்டும்.

மலைநடைக்கு மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும் நல்ல காலம். இடையில் மழையும் அட்டைகளும்.

உயரம் விளையாட்டல்ல

முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்றது, பாரோவிலிருந்து திம்புவுக்குப் போகும் 'துருக் பாதை'. ஐந்தாறு நாள் நடை. பழைய கோட்டை, பைன் காடுகள், ஜிமிலாங் போன்ற ஏரிகள், வானம் தெளிந்தால் தூரத்தில் பனிச் சிகரங்கள், கடைசியில் திம்புவைக் குனிந்து பார்க்கும் பஜோதிங் மடாலயம். கூடாரமும் சமையல் பாத்திரமும் குதிரைகள் சுமக்கும். மலைநடைக்குப் பதிவு பெற்ற வழிகாட்டி கட்டாயம். சமையல்காரரும் குதிரைக்காரரும் கூட வருவார்கள்.

சுலபமான பாதை என்று பெயர் எடுத்திருந்தாலும் இதில் ஒரு பொறி இருக்கிறது. பாரோ ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரம். முதல் இரவு முகாமோ சுமார் 3,400 மீட்டரில். பாதை பின்னர் 4,200 மீட்டரைத் தொடுகிறது. 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. கடலோர ஊர்களிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே நடக்கத் தொடங்கினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று ஆரம்பிக்கும். அலட்சியப்படுத்தினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். தினமும் ஜிம்முக்குப் போகும் இளைஞர் என்பதால் மலை சலுகை காட்டாது. அறிகுறி தெரிந்தால் மேலே ஏறக் கூடாது. முற்றினால் உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். மாத்திரைகள் பற்றிப் புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனவே பாரோவில் குறைந்தது மூன்று இரவு. அதில் ஒரு நாள் தக்சங் மடாலயம். செங்குத்தான பாறையில் ஒட்டவைத்தது போல 3,120 மீட்டரில் நிற்கும் இது, குரு பத்மசம்பவர் தவம் செய்ததாகச் சொல்லப்படும் குகையைச் சுற்றி 1692ல் கட்டப்பட்டது. 1998ல் தீயில் நாசமாகி, மீண்டும் எழுப்பப்பட்டது. உயரே ஏறி, இறங்கி வந்து தாழ்வான இடத்தில் தூங்குவது உடம்பைப் பழக்கும் நல்ல வழி. தரிசனமும் ஆயிற்று, பயிற்சியும் ஆயிற்று.

பாரோவில் மூன்று இரவு, நடையில் நான்கு, திம்புவில் ஒன்று, புனாக்காவில் இரண்டு என்று பத்து இரவுகள் ஒதுக்கினால் பயணம் மூச்சு வாங்காது. ஆளுக்குக் கட்டணம் 12,000 ரூபாய். "ஐந்து நாளில் முழு பூட்டான்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் காட்டுவது பெரும்பாலும் காரின் ஜன்னலைத்தான். ஏஜென்டிடம் ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. உயரத்துக்குப் பழக எத்தனை நாள்? யாருக்காவது முடியாமல் போனால் கீழே கொண்டுவர என்ன ஏற்பாடு? குதிரைக்காரருக்கும் சமையல்காரருக்கும் கூலி இந்தத் தொகையில் சேர்ந்ததா?

பாதி மடம், பாதி கலெக்டர் ஆபீஸ்

பூட்டானின் கோட்டைகளுக்கு 'ஸோங்' என்று பெயர். ஒரு பக்கம் பிட்சுக்கள் ஓதுவார்கள், மறுபக்கம் மாவட்ட நிர்வாகம் பைல் பார்க்கும். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 17ஆம் நூற்றாண்டில் ஷப்துருங் நவாங் நம்கியால் கட்டிய புனாக்கா ஸோங்கில்தான் 2011ல் இப்போதைய மன்னரின் திருமணம் நடந்தது. அரைக்கால் சட்டை, தொப்பியுடன் உள்ளே போக முடியாது. சந்நிதிகளில் போட்டோ கூடாது. நல்ல வழிகாட்டி இருந்தால் சுவர் ஓவியம் ஒவ்வொன்றும் ஒரு கதை; இல்லாவிட்டால் எல்லாம் ஒரே நிறக் குழப்பம்.

பாரோவில் வசந்த காலத்திலும் திம்புவில் இலையுதிர் காலத்திலும் 'செச்சு' திருவிழா. சந்திரக் கணக்குப்படி வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும். முகமூடி ஆட்டம், இடையிடையே கோமாளிகளின் சேட்டை. பாரோவில் கடைசி நாள் விடியும் முன் பிரம்மாண்டமான துணிச் சித்திரத்தை விரித்து, வெயில் படும் முன் சுருட்டிவிடுவார்கள். அதைக் கண்ணால் கண்டாலே புண்ணியம் என்பது நம்பிக்கை. அந்த வாரத்தில் ஓட்டல் கிடைப்பது கஷ்டம். பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

மகிழ்ச்சியை அளக்கும் நாடு என்ற புகழுக்கு மறுபக்கமும் உண்டு. வழிகாட்டி அணிந்து வரும் 'கோ' உடை பயணிக்கு அழகாகத் தெரியும். 1989ல் அந்த உடையைக் கட்டாயமாக்கியதும், குடியுரிமைச் சட்டத்தைக் கடுமையாக்கியதும் தெற்கே வாழ்ந்த நேபாளி மொழி பேசும் மக்களிடம் கொந்தளிப்பை உண்டாக்கின. ஒரு லட்சம் பேருக்கு அருகில் வெளியேறி கிழக்கு நேபாள முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 2007க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் குடியேறினார்கள். கலாசாரத்தைக் காப்பாற்றிய கதையை வியப்போடு கேட்கும்போது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சாப்பாடு. பூட்டானில் மிளகாய் காரத்துக்காகச் சேர்ப்பதல்ல, அதுவே காய்கறி. பாலாடைக் கட்டியோடு வேகவைத்த 'எமா தட்ஷி'யைச் சிவப்பரிசிச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். ஆந்திரக் காரத்துக்கே அசராதவர்கள் தங்கள் நாக்கைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.