கற்றல் யார் கடமை?

கல்வி என்பது ஆசிரியர் கொடுக்க, மாணவர் பெற்றுக்கொள்ளும் பொருள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பாடத்தைப் பள்ளி நடத்துகிறது. விடையைக் கையேடு தருகிறது. படிக்கும் நேரத்தைப் பெற்றோர் வகுக்கின்றனர். மாணவர்க்கு எஞ்சுவது மனப்பாடம் ஒன்றே. இவ்வாறு பெறும் மதிப்பெண் தேர்வுக்கு உதவலாம். தேர்வுக்குப் பின்னும் தொடர்ந்து கற்கும் ஆற்றலைத் தாராது. கற்றலின் முதற்பொறுப்பு கற்பவரிடமே இருத்தல் வேண்டும்; அதனை ஏற்க அவரைப் பழக்குவதே ஆசிரியரின் தலையாய பணி என்பது என் கருத்து.

இக்கருத்து புதியதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் கற்கும் முறையை வகுத்துரைக்கிறது. ஆசிரியர் கூறுவதை முழுமையாக மனங்கொண்டாலும் மாணவர் அடைவது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வாய்க்கும். கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கு நிறைவுறும் என்கிறது அந்நூல். கேட்டவற்றைச் சிந்தித்தல், வினவுதல், வினவியவர்க்கு விடையளித்தல் முதலியவற்றைக் கடமையாகக் கொள்ள வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. புலமையின் முக்காற்பங்கு மாணவரின் முயற்சியைச் சார்ந்தது என்பதே இதன் பொருள்.

உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். அந்நூலை அவர் அதுவரை பயின்றதில்லை. கற்பிக்க ஆசிரியரும் அப்போது உயிருடன் இல்லை. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார், ஒப்பிட்டு ஆராய்ந்தார், சமண சமயக் கருத்துகளை அச்சமயத்தாரிடமே கேட்டுத் தெளிந்தார். 1887இல் அந்நூல் அச்சேறியது. ஆசிரியர் இட்டது அடித்தளம். அதன்மேல் எழுந்தது அவர்தம் உழைப்பு.

எனினும், ‘மாணவரே பொறுப்பு’ என்று கூறிப் பள்ளி விலகி நிற்றலாகாது. அமர்ந்து படிக்க இடமில்லாத வீட்டிலிருந்து வருவோரும், பள்ளி முடிந்ததும் வேலைக்குச் செல்வோரும் நம் வகுப்பறைகளில் உளர். அவர்க்குத் திறந்திருக்கும் நூலகம் வேண்டும். ஐயம் தீர்க்கும் ஆசிரியர் வேண்டும். தவறான விடை கேட்டு நகைக்காத வகுப்பறை வேண்டும். துணையின்றிச் சுமத்தப்படும் பொறுப்பு வெறும் பாரமே.

பொறுப்பு அறிவுரையால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. பாடத்தின் ஒரு பகுதியை மாணவரே நடத்த ஆசிரியர் வாய்ப்பளிக்கலாம். திருத்திய விடைத்தாளைக் கொடுத்து, பிழை நேர்ந்த காரணத்தை அவரையே எழுதச் செய்யலாம். மாணவரோ பாடத்தை முன்னரே படித்து, ஒரு வினாவேனும் ஏந்தி வகுப்புக்கு வரலாம். கையேட்டைத் திறக்குமுன் தம் சொற்களில் விடையெழுதிப் பார்க்கலாம்.

மேல்நிலைக் கல்வி இரண்டே ஆண்டுகள். அதன்பின் கல்லூரியிலும் தொழிலிலும் ‘படி’ என்று நாள்தோறும் நினைவூட்டுவார் இரார். அந்நாளுக்கான பயிற்சியை இன்றே தொடங்குவோம்.